நீலத்திரை போனது, நிரல் போகவில்லை



சென்ற வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், தான் தினமும் நிரல் எழுதும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் மெனு, பட்டன், நிறம் எல்லாம் இடம் மாறிவிட்டன, ஒரு வாரமாகக் கை ஓடவில்லை என்று புலம்பியிருந்தார். இளைய செட்டைச் சேர்ந்த ஒருவர் "அண்ணா, காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும்" என்று பதில் போட்டார். மூத்த செட்டிலிருந்து ஒருவர் "நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குடா மாத்துறாங்க?" என்றார். கடைசியில் "சார் என்ன சொல்றாரு?" என்று என்னையும் இழுத்துவிட்டீர்கள். குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழகிய இடம் மாறினால் வரும் எரிச்சல் நியாயமானது. அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆனால் அந்த எரிச்சலை "இனி இந்த வேலை எனக்கு வராது" என்று நமக்கு நாமே தீர்ப்பாக எழுதிக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலருடைய வேலையும் தன்னம்பிக்கையும் மாட்டிக்கொள்கின்றன.

கணக்கு வாத்தியாராக இருந்த நான் கணிப்பொறி அறிவியலும் எடுக்கத் தொடங்கிய காலத்து மாணவர்களுக்கு, டர்போ சி++ என்றதும் கண்முன் வருவது அந்த நீலத்திரைதான். ஒரு கணிப்பொறிக்கு நாலு பேர். மின்சாரம் போனால் போட்டதெல்லாம் போச்சு. அதனால் நாலு வரிக்கு ஒருமுறை எஃப்2 அழுத்திச் சேமிக்கச் சொல்லுவேன். ஆல்ட் எஃப்9 போட்டால் நிரல்பெயர்ப்பு. கண்ட்ரோல் எஃப்9 போட்டால் ஓட்டம். விடை மின்னல் மாதிரி வந்து மறைந்துவிடும், ஆல்ட் எஃப்5 போட்டால்தான் பார்க்கலாம். மௌஸ் வேலை செய்யாத கணிப்பொறியில் எஃப்10 அழுத்தி மெனுவுக்குப் போவோம். வெளியேற ஆல்ட் எக்ஸ். இப்போது படிக்கும்போதே உங்கள் விரல்கள் அசைந்திருக்கும்.

அதை உருவாக்கிய போர்லாண்ட் நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. டாஸ் காலத்து மென்பொருள், 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் வந்தபோது அதில் அது நேரடியாக ஓடவே ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் பழைய டாஸ் சூழலை உண்டாக்கி, அதற்குள் இதை ஓட்டினோம். புது வீட்டுக்குள் பழைய வீட்டின் அடுப்பங்கரையை மட்டும் கட்டி வைத்துச் சமைத்த கதை. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, நாட்டின் பல கல்லூரிகளிலும் இப்படித்தான் பல ஆண்டுகள் ஓட்டினார்கள்.

பிறகு 2018-19 கல்வியாண்டில் 11-ம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. சி++ அதற்கு வந்தது, நீலத்திரை போய் டெவ் சி++ வந்தது. அடுத்த ஆண்டு 12-ம் வகுப்புக்குப் பைத்தான். வெள்ளைத் திரை, மேலே சின்னச் சின்னப் படங்கள். எஃப்9 போட்டால் நிரல்பெயர்ப்பு, எஃப்10 போட்டால் ஓட்டம், இரண்டும் சேர்த்து எஃப்11. கவனியுங்கள், பழைய திரையில் மெனுவுக்குப் போன எஃப்10, புதிய திரையில் நிரலை ஓட்டும் விசை. பைத்தானின் ஐடில் திரையில் ஓட்டுவதற்கு எஃப்5. டர்போவில் அதே எஃப்5 சாளரத்தைப் பெரிதாக்கும் விசை. தெரியாத விசையைக் கற்பது சுலபம். தெரிந்த விசை வேறு வேலை செய்வதுதான் கஷ்டம். விரல் பழகியதைத்தான் செய்யும், மூளை பின்னாலிருந்து "வேண்டாம், வேண்டாம்" என்று கத்த வேண்டியிருக்கும். வண்டியில் பிரேக்கும் கியரும் கால் மாறியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

எல்லா மாற்றமும் ஒரே வகை இல்லை. புதிய பதிப்பில் மாறியவற்றை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, இடம். எந்த விசை, எந்த மெனு, எந்தப் பட்டன் என்பது. இது சந்தையில் கடைகளை இடம் மாற்றிப் போடுவது போல. தக்காளிக்காரர் இருந்த இடத்தில் வெங்காயக்காரர் இருப்பார். ஒரு வாரம் சுற்றுவோம், இரண்டாம் வாரம் கால் தானாகப் போகும்.

இரண்டாவது, விதி. டர்போவில் தலைப்புக் கோப்பை எழுதும்போது ஐஓஸ்ட்ரீம் என்ற பெயருக்குப் பின்னால் புள்ளி எச் போடுவோம், வாய்ட் மெயின் என்று தொடங்குவோம், கிளியர் ஸ்கிரீன் என்று ஒரு வரி போட்டுத் திரையைத் துடைப்போம். புதியதில் புள்ளி எச் கிடையாது, பெயர்வெளி வரி ஒன்று கூடுதலாக வேண்டும், இன்ட் மெயின் என்றுதான் எழுத வேண்டும், திரை துடைக்கும் அந்தச் செயற்கூறும் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. சி++ மொழிக்கு உலகப் பொதுத் தரம் வந்தது 1998-ல். நீலத்திரை அதற்கு முந்தியது. பழைய திரை ஏற்றுக்கொண்ட வாய்ட் மெயினைப் புதிய நிரல்பெயர்ப்பி பிழை என்று திருப்பி அனுப்பும். ஆகவே இது வெறும் இட மாற்றம் இல்லை. உட்கார்ந்து படிக்க வேண்டும். சில வாரங்கள் ஆகும்.

மூன்றாவது, காரணம். இது மாறவே மாறாது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், செய்முறைத் தேர்வில் எல்லோரும் போட்டதுதான். ஓர் எண்ணின் தொடர்பெருக்கம். 5-க்கு 120 வரும். 7-க்கு 5040 வரும். 8-க்கு 40320 வர வேண்டும், ஆனால் நீலத்திரையில் கழித்தல் குறியோடு 25216 என்று வரும். "சார், கணிப்பொறி தப்பாப் போடுது" என்று ஓடி வருவீர்கள். டர்போவில் முழு எண் மாறிக்கு 2 பைட்தான். அதில் அதிகபட்சம் 32767 வரை அடங்கும். அதற்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு எதிர்மறைப் பக்கம் வந்துவிடும். படி நிறைந்த பிறகு அளந்தால் தரையில்தான் கொட்டும்.

புதிய திரையில் அதே நிரலுக்கு 8-ம் சரியாக வரும், 12-ம் சரியாக வரும். முழு எண்ணுக்கு 4 பைட். அப்பாடா என்று 13-ஐப் போட்டால் 6227020800 வர வேண்டிய இடத்தில் 1932053504 வரும். முன்பாவது கழித்தல் குறி வந்து "ஏதோ கோளாறு" என்று காட்டிக் கொடுத்தது. இப்போது பார்க்கச் சரியான விடை மாதிரியே வந்து உட்கார்ந்திருக்கும். படி பெரிதாகிவிட்டது, ஆனால் படிக்கு ஓர் அளவு உண்டு என்ற உண்மை அப்படியே இருக்கிறது. அந்த உண்மையை நீலத்திரையில் கற்றவனுக்கு எந்தத் திரையிலும் அது தெரியும். பட்டன் இடம் மட்டும் கற்றவன் எவ்வளவு அழகான திரையிலும் 1932053504-ஐ நம்பி எழுதிவிட்டுப் போவான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் மாணவர் ஒருவருடைய பிழைப்பு இதில் சிக்கியிருந்தது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அவர் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். பாலிடெக்னிக் முடித்துப் போய் இருபது வருடம் ஆகிறது. எந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. பெட்டிக்கு நிரல் எழுதுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. அந்த நிரல் ஏணிப்படி மாதிரி வரையப்படும். இரண்டு பக்கமும் நெட்டுக்கோடு, நடுவே படிகள். ஒவ்வொரு படியிலும் "இந்த சுவிட்சு மூடியிருந்தால், அந்த உணரி பார்த்திருந்தால், இந்த மோட்டார் ஓடட்டும்" என்று ஒரு நிபந்தனை. நிறுவனம் அந்த மென்பொருளைப் புதிய தலைமுறைக்கு மாற்றியது. முன்பு தனித்தனிச் சாளரமாக இருந்தவை எல்லாம் ஒரே திரைக்குள் வந்துவிட்டன. முன்பு எண்ணாக எழுதிய முகவரிகளுக்கெல்லாம் இப்போது பெயர் வைக்க வேண்டும். போன மாதம் எனக்கு ஃபோன் செய்தார்.

"சார், சூப்பர்வைசர் பொறுப்பு குடுத்திருக்காங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏம்ப்பா? சம்பளம் கூடுமே. பொண்ணு காலேஜ்ல இருக்குதுன்னு சொன்னியே."

"புதுசா வந்த பசங்க டக்கு டக்குன்னு திறக்குறாங்க சார். நான் ஒரு பிளாக்கைத் தேடுறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது. பின்னாடி நின்னு பார்க்குறாங்க. கூச்சமா இருக்குது."

"சரி, போன தடவை லைன் நின்னப்ப யாரு ஓட வெச்சது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். பொருள்களைக் கொண்டுபோகும் கன்வேயர் விட்டு விட்டு நின்றதாம். இளம் பொறியாளர் இரண்டு மணி நேரம் திரையில் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் போய் உணரி பொருத்தியிருந்த தகட்டில் கை வைத்துப் பார்த்தார். அதிர்வில் திருகு தளர்ந்து, உணரி கண் சிமிட்டுவது போல விட்டு விட்டுச் சைகை கொடுத்திருக்கிறது. திருகை முடுக்கினார். மறுபடியும் இப்படி ஆனால் லைன் உடனே நிற்காமல் இருக்க, அந்தப் படியில் அரை விநாடி பொறுக்கும் ஒரு டைமர் போட வேண்டும் என்றார். எங்கே போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். புதிய திரையில் அந்த டைமர் எந்த மெனுவில் இருக்கிறது என்பது அந்தப் பையனுக்குத் தெரியும்.

"அப்புறம் என்னப்பா? அவனுக்கு மெனு தெரியுது, உனக்கு மெஷின் தெரியுது. மெனுவை மூணு வாரத்துல கத்துக்கலாம். மெஷினைக் கத்துக்க உனக்கு எத்தனை வருஷம் ஆச்சு?" என்றேன்.

நேற்று மறுபடி பேசினார். "இன்னும் முழுசாப் பழகலைங்க சார். ஆனா எழுதிக் குடுக்கலை" என்றார். எனக்கு அது போதும்.

நம் ஊர்ப் பக்கத்துச் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். சந்தையை வேறு மைதானத்துக்கு மாற்றினால் அவருக்கும் முதல் நாள் திக்குத் தெரியாது. யார் எங்கே மாடு கட்டியிருக்கிறார் என்று தேடுவார். ஆனால் பல் பார்க்கும் கண் மைதானத்தோடு போய்விடுவதில்லை. அதே சமயம், அவர் தேடி அலைந்த அந்த அரை நாள் அவருக்கு நஷ்டம்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே இளைய செட்டுக்கு ஒரு வார்த்தை. "மாறிக்கணும்" என்று சொல்வது சுலபம். மாற்றத்தின் செலவை மென்பொருள் செய்தவர் கொடுப்பதில்லை. அதைத் தினமும் பயன்படுத்துபவர்தான் தன் நேரத்தால் கொடுக்கிறார். புலம்பியது நம் ஊர்க்காரர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ 2012 பதிப்பில் மெனுப் பெயர்களை எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டார்கள், படங்களில் நிறத்தைக் குறைத்தார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் நமக்கு அதன் வேதனை புரியாது. ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல என்பார்கள். உலகம் முழுக்க நிரலாளர்கள் எதிர்த்தார்கள். அதை நிறுத்தி வைக்கும் தேர்வு அடுத்த பதிப்பில் வந்தது. அதே 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். 2013-ல் 8.1 பதிப்பில் பட்டன் திரும்பி வந்தது. குறை சொன்னவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு மாறியிருந்தால் இவை திரும்பி வந்திருக்குமா?

நல்ல முறையில் மாற்றியவர்களும் உண்டு. பைத்தான் எழுதும் உங்களில் பலர் பைசார்ம் வைத்திருப்பீர்கள். அதன் புதிய முகத்தை முதலில் விரும்பியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2024-ல் எல்லோருக்கும் அதையே ஆக்கியபோதும், பழைய முகம் வேண்டும் என்பவர்களுக்கு அதைத் தனிச் செருகுநிரலாக வைத்தார்கள். நம் தமிழிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1999-ல் தமிழ்99 விசைப்பலகையை அரசு தரமாக அறிவித்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு என்று கற்பதற்கு எளிய அமைப்பு. ஆனாலும் தட்டச்சு ஹையர் பாஸ் செய்து, வருடக்கணக்கில் தட்டச்சுப் பொறியில் கை பழகியவர்களுக்காகப் பழைய தட்டச்சு அமைப்பையும் தமிழ் மென்பொருள்கள் பலவற்றில் வைத்தார்கள். புதியவர் புது வழியில் வரட்டும், பழகியவர் பழைய வழியிலும் போகட்டும் என்று இரண்டு கதவையும் திறந்து வைப்பதுதான் மரியாதை.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒன்று. "இந்த வேலைக்கு எந்த விசை?" என்று ஒரு மதிப்பெண் வினா கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த விடை அடுத்த பதிப்பில் தப்பாகிவிடும். "8-க்கு ஏன் எதிர்மறை எண் வந்தது?" என்று கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்டார் ஆஃபீஸ் படித்த செட்டுகளை நினைத்துப் பாருங்கள். அந்த மென்பொருளே இப்போது இல்லை. சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியதோடு அந்தப் பெயரும் போனது. ஆனால் அட்டவணைத்தாளில் சூத்திரம் எழுதக் கற்றவர்கள் இன்று எக்செல்லில் கூட்டுறவுச் சங்கக் கணக்கே பார்க்கிறார்கள்.

இப்போது திரை மாறி நிற்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்த சில யோசனைகள்.

1. வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்தினம் புதிய பதிப்பைப் போடாதீர்கள். அறுவடை அன்று புது டிராக்டர் ஓட்டிப் பழக மாட்டோம்.

2. மாற்றுவதற்கு முன் உங்கள் பழைய கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள. புதிய பதிப்பில் திறந்து சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு பல நேரம் திறக்காது. முடிந்தால் சில வாரம் இரண்டு பதிப்பையும் வைத்திருங்கள்.

3. நீங்கள் தினமும் செய்யும் பத்து வேலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். திறப்பது, சேமிப்பது, ஓட்டுவது, பிழை தேடுவது, இப்படி. அந்தப் பத்துக்கும் புதிய இடத்தைக் கண்டுபிடித்து எதிரே எழுதுங்கள். மீதி நூறு மெனு இப்போதைக்கு வேண்டாம். பத்து தெரிந்தால் வேலை ஓடும்.

4. இப்போதைய மென்பொருள்களில் கட்டளையைப் பெயர் சொல்லித் தேடும் வசதி இருக்கிறது. விஎஸ் கோடில் கண்ட்ரோல் ஷிஃப்ட் பி, பைசார்மில் ஷிஃப்டை இரண்டு முறை அழுத்தினால் போதும். இடம் மறந்தாலும் பெயர் தெரிந்தால் வழி கிடைக்கும்.

5. உங்களைவிடச் சின்னவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவரிடமிருந்து இடத்தைக் கற்றுக்கொண்டு, பதிலுக்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். இருவருக்கும் லாபம்.

6. குறை இருந்தால் "கேவலமா இருக்குது" என்று எழுதாமல், எந்த வேலைக்கு முன்பு ஒரு அழுத்தம் போதுமாயிருந்தது, இப்போது எத்தனை வேண்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அப்படி எழுதிய குறைக்குத்தான் பதில் கிடைக்கும்.

நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மென்பொருளை மாற்றும் செலவில், ஆட்கள் பழகும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் மாதம் வேகம் குறைந்ததை வைத்து, இருபது வருடம் உழைத்தவரை எடை போடாதீர்கள்.

உறவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. நிரலோடு சம்பந்தம் இல்லாத பெரியம்மாவும் சித்தப்பாவும்கூட ஃபோன் அப்டேட் ஆனதும் "எல்லாம் எங்கியோ போயிடுச்சு" என்று பிள்ளைகளிடம் நீட்டுகிறார்கள். தயவுசெய்து பிடுங்கி நீங்களே செய்து கொடுக்காதீர்கள். ஃபோன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்லுங்கள். அவர்கள் விரல் அழுத்தினால்தான் அவர்களுக்குப் பழகும். மூன்றாவது முறை கேட்டாலும் "நேத்துதானே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது அவர்கள் உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை.

குழுவில் புலம்பிய தம்பிக்கு என் பதில் இதுதான். உன் புலம்பல் நியாயம். இரண்டு வாரம் பொறு, நோட்டில் பத்து வேலையை எழுது. அதற்கப்புறமும் கை ஓடவில்லை என்றால் ஃபோன் செய், பேசுவோம்.

மற்றவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் விரல் இன்னும் மறக்காத பழைய விசை எது? கண்ட்ரோல் எஃப்9 என்று எழுதப்போகிறவர்கள் எந்த வருட செட் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எனக்கு முகம் ஞாபகம் வரும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
கம்பைநல்லூர்